நீலத்திரைக்கு ஒரு காரணம்

“அப்போ இந்த ஸ்டிக்தான் சார் கெட்டுப்போயிருக்கு?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு “ஆமாம்மா, ராம்தான்” என்று பதில் சொன்னேன். ராம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம், ஸ்டிக் என்பது அது பதிந்திருக்கும் சிறு பலகை. அந்தப் பதில் பொய்யல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதையே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லியிருந்தால் தயங்கியிருப்பேன். பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்து அன்றாடம் இப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு இந்த ஒன்று மட்டும் ஏன் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்று பார்க்கிறேன்.

அந்தப் பெண் பாகங்களைத் தாமே தேர்ந்தெடுத்துத் தாமே பூட்டிய கணினி அது. வீடியோ எடிட்டிங் அவருடைய தொழில். ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, ஓடும்போது விண்டோஸ் சரிந்து நீலத்திரை வருகிறது என்பதுதான் கோளாறு. எங்களிடம் கொண்டுவருவதற்கு முன்பே விண்டோஸை மீண்டும் நிறுவியிருந்தார், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை முழுவதும் துடைத்துப் புதிதாகப் போட்டிருந்தார், சூட்டையும் கண்காணித்திருந்தார். நீலத்திரை வரும்போது விண்டோஸ் சேமித்துவைக்கும் டம்ப் கோப்புகளை, அவற்றை அலசும் விண்டிபக் மென்பொருளில் திறந்து பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொன்னது. ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொன்றில் சிஸ்டம் சர்வீஸ் எக்செப்ஷன், மற்றொன்றில் பேஜ் ஃபால்ட். ஒருமுறை கிராபிக்ஸ் டிரைவரைக் கைகாட்டியது, ஒருமுறை கோப்பு முறைமையின் டிரைவரை. மற்ற நேரங்களில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலே குற்றவாளி. நீலத்திரையில் வரும் இந்த நிறுத்தக் குறியீடு, சேதம் எந்த இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, எங்கே நேர்ந்தது என்பதைச் சொல்லாது. எப்போதோ நினைவகத்தில் எங்கோ ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டிருக்கும். அந்த முகவரியை யார் முதலில் தொடுகிறாரோ அவர் தலையில் பழி விழும். குறியீடு ஒரே இடத்தில் நிற்காமல் அலைந்தால் டிரைவரை விட்டுவிட்டு ராமைப் பார் என்பது எங்கள் தொழிலில் யாரும் சொல்லித்தராமலே பழகிவிடும் வழக்கம்.

இரவு முழுவதும் ஓடிய மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை ஒரு பிழையைக்கூடக் காட்டவில்லை. அதில் பிழை வந்தால் ராமில் கோளாறு என்று துணிந்து சொல்லலாம். வராவிட்டால் எதையும் சொல்ல முடியாது. அந்தச் சோதனை ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, பெட்டிக்குள் சூடு குறைவு, மின்சாரத் தேவையும் குறைவு. ரெண்டர் ஓடும்போது நிலைமை அப்படி இல்லை. அதனால் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், ராமைப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை அணைத்தேன். 3600 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ராம் 2133க்கு இறங்கியது, மின்னழுத்தம் 1.35 வோல்ட்டிலிருந்து 1.2க்கு வந்தது, நீலத்திரை நின்றுபோனது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் பணம் கொடுத்தது 3600க்கு. எக்ஸ்எம்பி என்பது ஒருவகை ஓவர்கிளாக்கிங்தான், அதாவது வரையறுத்த வேகத்தைத் தாண்டி ஓடவிடுவதுதான் என்பதும், அவருடைய செயலிக்கு அதன் தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் எல்லை 3200தான் என்பதும், பெட்டியின்மேல் அச்சிட்ட வேகம் அந்தப் பெட்டியில் ஜோடியாக வந்த இரண்டு ஸ்டிக்குகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும் பெரும்பாலோர் அறியாதவை. அவரோ முதலில் 16 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டு வாங்கி, பிறகு வேலை பெருகியதும் அதே மாடலில் இன்னும் இரண்டு சேர்த்திருந்தார். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் செயலிக்குள் இருந்து ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும் என்பதும் தெரிந்ததே. இத்தனையையும் அவரிடம் சொல்லவும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சார், ஆனா எது கெட்டுப்போயிருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். கழற்றியவுடன் தங்க நிறப் பற்களை ரப்பர் வைத்துத் தேய்ப்பது பழைய பழக்கம். கை தானாகவே செய்துவிடுகிறது. மூன்றாவது ஸ்லாட்டில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, மீதி மூன்றையும் 3600இல் ஓடவிட்டபோது ரெண்டர் தடையின்றி முடிந்தது. திரும்பப் போட்டபோது மீண்டும் நீலத்திரை வந்தது. அப்போதுதான் அவர் அந்த ஸ்டிக்கைக் கையில் எடுத்து, நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்டார். அதற்குப் பின்னால் வேறொரு கேள்வியும் இருந்தது: “நான் பூட்டினதுல தப்பு எதுவும் இல்லையே?” இல்லை என்றேன். அது முழு உண்மை. கேபிள்களை அவர் கட்டியிருந்த நேர்த்தி எங்கள் கடையில்கூடக் கிடையாது.

அவர் போனபின் அந்த ஸ்டிக்கை எங்கள் சோதனைக் கணினியில் போட்டு அதே 3600இல் ஓடவிட்டேன். எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது.

இதற்கு விளக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் ராம் விஷயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பது நடக்காத காரியம். ஒரு ஸ்டிக்கை எடுக்கும்போது கன்ட்ரோலரின் சுமையும் குறைகிறது, அந்த ஸ்லாட்டும் காலியாகிறது, தேய்த்ததாலோ மறுபடி அழுத்தியதாலோ தொடுமுனைகளும் மாறுகின்றன. ஆக, அந்த ஸ்டிக் கெட்டிருக்கலாம், அந்த ஸ்லாட் கெட்டிருக்கலாம், அல்லது எதுவுமே கெடாமல் நான்கும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் இருந்திருக்கலாம். சர்வர்களில் இருப்பதுபோல ஈசிசி என்னும் பிழைதிருத்த வசதி ராமில் இருந்திருந்தால் எந்த ஸ்லாட்டில் பிழை திருத்தப்பட்டது என்று பதிவேட்டிலேயே எழுதியிருக்கும். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. புதிய தலைமுறை ராமான டிடிஆர்5 சிப்புகளுக்குள் இருக்கும் பிழைதிருத்தமும் தன் திருத்தங்களைப் பொதுவாக வெளியே சொல்வதில்லை. சாட்சியே இல்லாத வழக்கில் தீர்ப்புக் கேட்டால் என்ன செய்வது? அவருடைய கணினியில் அந்த ஸ்டிக் இருந்தால் நீலத்திரை வருகிறது, இல்லாவிட்டால் வரவில்லை என்பதை நேரில் பார்த்தேன். பழுதுபார்ப்பவன் அதற்குமேல் என்ன சொல்ல முடியும் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் சோதனையின் முடிவை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் அந்த ஜோடியை வாரன்டியில் அனுப்பினார். நிறுவனம் கேள்வி கேட்காமல் புதிய ஜோடியைக் கொடுத்தது. அதைக்கொண்டு பழையது கெட்டிருந்தது என்று ஆகிவிடாது. புதிய ஜோடியைப் பூட்டும்போது நான் வேகத்தை 3200இல் நிறுத்தினேன், பயாஸையும் புதுப்பித்தேன். அதன்பின் நீலத்திரை வரவில்லை. எதனால் வரவில்லை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கணினிகளின் சரிவு (கிராஷ்) அறிக்கைகளை அலசி 2011இல் வெளியிட்ட ஆய்வில், வன்பொருள் கோளாறால் ஒருமுறை சரிந்த கணினி மீண்டும் சரியும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே இத்தனை நாள் சரியாமல் இருப்பதை நல்ல அறிகுறியாகக் கொள்ளலாம். அறிகுறி என்பதற்குமேல் அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

கடையின் மூத்தவரிடம் இதைச் சொன்னேன். “ஓடுதில்ல? அப்புறம் என்ன ஆராய்ச்சி?” என்றார். வாடிக்கையாளர் கொடுக்கும் கூலி ஓடவைப்பதற்குத்தான், காரணம் கண்டுபிடிப்பதற்கு அல்ல என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. ஐந்து சாத்தியங்களை அடுக்கிச் சொல்லி, இவற்றில் ஏதோ ஒன்று என்று அனுப்பியிருந்தால் அந்தப் பெண் அடுத்த ரெண்டரைத் தொடங்கும்போதெல்லாம் பயந்துகொண்டே இருந்திருப்பார். ஒற்றைப் பதில் அவருக்கு நிம்மதி தந்தது. அந்த நிம்மதியைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னேனா, அல்லது அடுத்த கணினி மேசையில் காத்திருந்ததால் சொன்னேனா என்பதில்தான் எனக்கே தெளிவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண், தன் தோழி ஒருவருக்குக் கணினி பூட்டித்தர ஆலோசனை கேட்டு அழைத்தார். பேச்சுவாக்கில், “அந்த பிராண்ட் ராம் வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்” என்றார். ஒரு பிராண்டை ஒதுக்கும் அளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்றேன். “நம்ம மெஷின்லயே பார்த்தோமே சார்” என்றார். தொலைபேசியில் கன்ட்ரோலரையும் ஸ்லாட்டையும் விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டு, “நாலு ஸ்டிக் வேண்டாம், ரெண்டாவே வாங்கச் சொல்லுங்க” என்றேன். அது நல்ல ஆலோசனைதான்.

இப்போது வேலைச் சீட்டில் ‘ராம் பழுது’ என்று எழுதாமல், ‘ராம் மாற்றி, வேகம் குறைத்தபின் கோளாறு தென்படவில்லை’ என்று எழுதப் பழகியிருக்கிறேன். வாய்தான் பழகவில்லை. அண்மையில் ரெண்டரின் நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகும் ஒரு கணினி வந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைத் தவிர வேறு தடயம் இல்லை. அந்தப் பதிவு, கணினி முறையாக அணையவில்லை என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினோம், ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டது. எதனால் என்று கணினிக்கு உரியவர் கேட்டார். எஸ்எம்பிஎஸ்தான் என்று சொன்னேன்.