மரத்தூளுக்கு அடியில் கோடையைக் கழிக்கும் பனி

மே 6, காசிமேடு

மீன்பிடித் தடைக்காலம் என்பதால், நான் கணக்கெழுதும் ஐஸ் பிளாண்டுக்கு ஃபைபர் படகுக்காரர்களைத் தவிர யாரும் வருவதில்லை. கிடைத்த ஓய்வில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூரில் பனியைக் கோடை முழுவதும் காப்பாற்றும் முறையைப் பற்றிப் படித்தேன். ஏறத்தாழ 20,000 கன மீட்டர் பனியை ஒரே மேடாகக் குவித்து, மேலே 40 செ.மீ. கனத்துக்கு மரத்தூளைப் பரப்பிவிடுகிறார்கள். அக்டோபர் கடைசியில் தூளை வாரி ஒதுக்கி, அந்தப் பனியைக் கொண்டே சுமார் 4 கி.மீ. சறுக்குப் பாதை போடுகிறார்கள். கூரை இல்லை, குளிரூட்டும் இயந்திரமும் இல்லை.

மே 10

கோணி போர்த்திய முழு ஐஸ் பார் தாக்குப்பிடிக்கும் நேரத்தில், உடைத்த ஐஸ் பாதிக்குமேல் தண்ணீராகி ஓடிவிடும். வெயிலும் காற்றும் படுகிற மேற்பரப்புதான் காரணம். மேட்டின் நீள, அகல, உயரங்களை இரட்டித்தால் மேற்பரப்பு 4 மடங்காகும். உள்ளிருக்கும் பனியோ 8 மடங்காகும். ஆகவே பெரிதாகக் குவிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வானத்திலிருந்து விழும் பொலபொலப்பான பனியைவிட, இயந்திரம் தூவும் உருண்டைக் குருணைப் பனி அடர்த்தியானது என்பதால் அதையே விரும்புகிறார்கள்.

மே 21

மரத்தூள் வெப்பத்தைத் தடுப்பதோடு நிற்பதில்லை. ஈரத்தூளிலிருந்து ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால், ஏறத்தாழ ஏழு கிலோ பனியை உருக்கக்கூடிய வெப்பத்தை அது எடுத்துக்கொண்டு போகிறது. இது வறண்ட மலைக்காற்றில் பலிக்கும். வியர்வையே காயாத நம் கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவாகப் பலிக்காது. 1842இல் கட்டப்பட்ட நம் ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கப்பலில் வந்த ஐஸையும் மரத்தூளில்தான் பொதிந்து அனுப்பினார்கள். ஆனால் கப்பலின் அடித்தளத்தில் தூளுக்குக் காப்பு வேலை மட்டுமே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஜூன் 11

2015 கோடையில் டாவோஸிலும் இத்தாலியின் மார்ட்டெல்லிலும் அளந்து பார்த்தபோது, முறையே 74 சதவீதமும் 63 சதவீதமும் பனி எஞ்சியிருந்தது. இதைச் சொன்னதும் ஆபரேட்டர் அண்ணன், “அப்போ கால்வாசி தண்ணியாத்தானே போவுது? அக்டோபர்லயே மெஷினைப் போட்டுக்க வேண்டியதுதானே?” என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் பனி தூவும் இயந்திரத்துக்கு, ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். அக்டோபரில் அந்தக் குளிரை நம்பிப் பனிச்சறுக்குப் போட்டித் தேதியை அறிவிக்க முடியாது. கடுங்குளிர்காலத்தில் அது தாராளமாகக் கிடைக்கிறது. “அப்போ அவங்க பனியைச் சேத்து வெக்கல, குளிரைத்தான் சேத்து வெக்கிறாங்க” என்றார் அண்ணன்.