பாடிவிட்டுப் போகிறவருக்கு ஒரு பதிலாவது சொல்லுங்கள்

நான் கர்நாடக சங்கீதம் பாடுகிறவள். டிசம்பர் இசை சீசனில் மதியக் கச்சேரி ஸ்லாட்டுக்காகச் சென்னையில் ஒரு சபாவில், அதாவது கச்சேரி நடத்தும் அமைப்பில், ஆடிஷன் கொடுத்துவிட்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. இடம் கிடைக்காததற்காக இதை எழுதவில்லை. கேட்கிற எல்லோருக்கும் மேடை கொடுக்க எந்த சபாவாலும் முடியாது, அது தெரிந்துதான் போனேன். எங்களை நடத்திய விதம்தான் பொறுக்க முடியவில்லை.

விண்ணப்பம், பயோடேட்டா, பாடி அனுப்பிய பதிவு எல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. "காலை 10 மணிக்கு வரவும், பக்கவாத்தியம் உங்கள் பொறுப்பு" என்று மெயில் வந்தது. எத்தனை நிமிஷம், என்னென்ன பாட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. போன் செய்து கேட்டதற்கு, "வாங்க, வந்தா சொல்லுவாங்க" என்றார்கள். நானும் மிருதங்கம் வாசிக்கும் தம்பியும் திருச்சியிலிருந்து ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். வயலின் அக்கா சென்னைதான். அன்றைக்கு அவருடைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வந்திருந்தார்.

போன பிறகுதான் தெரிந்தது, எல்லோரையுமே 10 மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். வராந்தா முழுக்க ஆட்கள். உள்ளே ஒருவர் பாடுவது கதவு வழியாக அப்படியே கேட்கிறது. அவர் ஸ்ருதி இரண்டு கட்டை, என்னுடையது அதைவிட உயரமான ஐந்தரைக் கட்டை. காதில் அந்த ஸ்ருதியை வைத்துக்கொண்டு என் ஸ்ருதியை எப்படிப் பிடிப்பது? குரலைக் கொஞ்சம் பதப்படுத்திக்கொள்ள ஒரு மூலைகூட இல்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் பார்த்துவிட்டு, "மாடிப்படி பக்கம் யாரும் வரமாட்டாங்க, அங்க போய்ப் பாடும்மா" என்றார். குடிக்க வெந்நீரும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

தம்பி வந்தவுடனேயே மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவை பிசைந்து ஒட்டிவிட்டான். எங்களைக் கூப்பிடும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அதற்குள் ரவை காய்ந்து ஓரமெல்லாம் உதிர ஆரம்பித்துவிட்டது. ரவை காய்ந்தால் இடந்தலையில் நாதமே வராது. "ரெண்டு நிமிஷம் கொடுங்க சார், மாத்திடறேன்" என்று கேட்டான். "டைம் இல்லப்பா, அப்படியே உட்காரு" என்று பதில் வந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு ரவையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான். முகமே சுருங்கிப்போனது.

உள்ளே மூன்று பேர். வணக்கம் சொன்னேன், யாரும் நிமிரவில்லை. "வர்ணம் பாடு" என்றார் ஒருவர். அனுபல்லவி முடிவதற்குள், "போதும், கல்யாணி ஆலாபனை" என்றார். வார்த்தை இல்லாமல் அந்த ராகத்தை விரித்துப் பாட ஆரம்பித்தேன். நடுவில் இருந்தவருக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போகவில்லை, அங்கேயே பேசினார். கேட்டரிங் விஷயம் போலிருக்கிறது. காந்தார ஸ்வரத்தில் நின்று பாட வேண்டிய நேரத்தில், அவர் பேச்சுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று என் குரல் தானாகவே தணிந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் தாங்கவில்லை. பாட வந்த இடத்தில் பாடுவதற்கே கூச்சப்பட வைத்துவிட்டார்கள்.

அப்புறம் நிரவல், பாட்டின் ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடுவது. நான் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, பாடி முடித்து, அக்கா பதில் வாசிக்க வில்லைத் தூக்கினார். "போதும்மா." வில் அந்தரத்தில் நின்றது. அடுத்து ஒரே கேள்வி, "ஸ்பான்சர் யாராவது இருக்காங்களா?" இல்லை என்றேன். "சரி, தெரியப்படுத்தறோம்."

தெரியப்படுத்தவே இல்லை. அந்த வாரங்களில் வேறு ஊரிலிருந்து ஒரு கச்சேரிக்குக் கேட்டார்கள், தேதி முட்டிக்கொள்ளுமோ என்று பயந்து பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டேன், அது கைவிட்டுப் போயிற்று. ஆபீசுக்குப் போன் செய்தால், "லிஸ்ட் இன்னும் வரலை" என்பார் அங்கே இருந்தவர். கடைசியில் சீசன் நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது. அதில் என் பெயர் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி என்னிடம் கேட்டான், "என் வாசிப்புதான் சரியில்லையா அக்கா?" என்னிடம் பதில் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள்.

அகில இந்திய வானொலியில் கலைஞர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று கிரேடு உண்டு. எந்தப் படியில் நிற்கிறோம் என்றாவது அதில் தெரியும். சபா தேர்வில் அதுவும் கிடையாது.

இப்படித்தான் நடக்கும், வேறு வழியில்லை என்று சொல்பவர்களுக்கு இதையும் சொல்கிறேன். புறநகரில் ஒரு சின்ன சபா. அங்கேயும் எனக்கு இடமில்லை என்றுதான் மெயில் வந்தது. ஆனால் சொன்ன தேதியில் வந்தது. கீழே, "கருத்து அறிய விரும்பினால் மாலை 4 மணிக்கு மேல் அழைக்கலாம்" என்று ஒரு நம்பர். தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். கமிட்டியில் இருந்த ஒரு மாமி எடுத்தார். தான் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணில காந்தாரத்துல நிக்கறே பாரு, அது ரொம்ப அழகு. ஆனா மேல் ஷட்ஜத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே வழியாத்தான் ஏர்றே. நிரவல்ல பதத்தை நடுவுல உடைச்சு மூச்சு எடுக்கறே, அர்த்தம் போயிடறது. அந்த ரெண்டையும் பாரு. மிருதங்கம் வாசிச்ச பையன் பேர் என்ன? அவன்கிட்ட நன்னா அனுசரிச்சு வாசிச்சான்னு சொல்லு."

ஐந்து நிமிஷம்கூட இருக்காது. வைத்தவுடனே தம்பிக்குப் போன் போட்டேன். குருவிடமும் போய்ச் சொன்னேன். அன்று முதல் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துவைத்துத்தான் பாடுகிறேன், வித்தியாசம் எனக்கே கேட்கிறது. "இன்னும் நிறைய சாதகம் பண்ணணும்" என்று சொல்லி அனுப்பினால் இதெல்லாம் நடக்குமா? அதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், பாட்டைக் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எத்தனை நிமிஷம், உத்தேசமாக எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று போனில் கேட்டுவிட்டு, மெயிலிலும் எழுதிக் கேளுங்கள். ஸ்ருதிப் பெட்டி நீங்களே கொண்டுபோங்கள். அங்கே இருந்ததில் இரைச்சல்தான் அதிகம். தொண்டைக்கு வெந்நீரும், நடுவில் சாப்பிட லேசாக ஏதாவதும் கையில் இருக்கட்டும். மிருதங்கக்காரரிடம், முன்னால் இருப்பவர் உள்ளே போன பிறகு ரவை போட்டால் போதும் என்று சொல்லிவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் வண்டிச் செலவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், முடிவு என்னவானாலும் அன்றே கொடுத்துவிடுங்கள். கருத்து கேட்கும்போது, "எப்படிப் பாடினேன்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஸ்ருதியா, லயமா, உச்சரிப்பா, பாடத் தேர்ந்தெடுத்த பாட்டுகளா, எதில் குறை என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் கைக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சபா நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கொரு நேரம் கொடுங்கள். பாடும்போது போனை வெளியே வையுங்கள். ஸ்பான்சர் இருந்தால்தான் மேடை என்றால் அதை விண்ணப்பத்திலேயே போட்டுவிடுங்கள், நாங்கள் ரயில் ஏற மாட்டோம். இடமில்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், பக்கவாத்தியக்காரர்கள் பெயரையும் சேர்த்து.