ஒரு பட்டியலுக்காக ஏழு மாதங்கள்: கூடலூரிலிருந்து ஒரு தகவல் உரிமை அனுபவம்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இயங்கும் சிறிய அறக்கட்டளையில் நான் பணியாற்றுகிறேன். மாநில அரசின் சுகாதாரக் கொள்கைகள் மலையில் எந்த அளவுக்கு நடைமுறைக்கு வருகின்றன என்று ஆராய்வதே எங்கள் வேலை. எங்களில் மருத்துவர் எவரும் இல்லை. அரசாணைகளைப் படிக்கிறோம், அவற்றில் சொல்லப்பட்டவை ஊரில் இருக்கின்றனவா என்று போய்ப் பார்க்கிறோம், கண்டதை எழுதித் துறைக்கு அனுப்புகிறோம்.

சென்ற ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, கிராம சுகாதார செவிலியர் பணிபுரியும் துணை சுகாதார நிலையங்களைப் பற்றியது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது ஊரகப் பகுதிக்கான அளவுகோல். நகர்ப்புறத்துக்கு அளவுகோல் வேறு: 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம் ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணக்கிடுகிறது. நீலகிரியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெல்லியாளம் ஒரு நகராட்சி. தேவர்சோலையும் ஓவேலியும் பேரூராட்சிகள். ஆனால் அங்கே போய்ப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது தேயிலைத் தோட்டமும், தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லைன் வீடுகளும், யானை கடக்கும் சாலையும்தான். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 7,35,394 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் காகிதத்தில் நகரவாசிகள். அப்படியானால் ஒரு தோட்டத்து லைனில் வாழும் குடும்பத்துக்கு எந்த அளவுகோல் பொருந்துகிறது என்பதை அறிய, எந்தத் துணை நிலையத்தின் கீழ் எந்தக் குடியிருப்புகள் வருகின்றன என்ற பட்டியல் எங்களுக்குத் தேவைப்பட்டது.

சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டபோது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆகவே ஜூன் மாதத்தில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அறக்கட்டளையின் கடிதத்தாளில், அறக்கட்டளையின் பெயரால் மனு அனுப்பினோம். அந்த அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. அறக்கட்டளை குடிமகன் அல்ல. கோபப்பட இதில் ஒன்றுமில்லை. பிரிவை முதலில் படித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். கொள்கை ஆராய்ச்சி செய்கிறோம் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இது சற்று வெட்கமாகவே இருந்தது.

ஜூலையில் என் சொந்தப் பெயரிலும் வீட்டு முகவரியிலும் இரண்டாவது மனுவை அனுப்பினேன். அதில் எட்டுக் கேள்விகள் இருந்தன. ஐந்து கேள்விகள் ‘ஏன்’ என்று முடிந்தன. தோட்டக் குடியிருப்புகள் ஏன் மலைப்பகுதி அளவுகோலில் சேர்க்கப்படவில்லை, செவிலியர் பணியிடம் ஏன் நிரப்பப்படவில்லை என்ற வகையில் அவை அமைந்திருந்தன. இருபத்தெட்டாம் நாள் இரண்டே வரிகளில் பதில் வந்தது: கோரப்பட்டவை பிரிவு 2(எஃப்)-இல் வரையறுக்கப்பட்ட தகவல் என்பதற்குள் வரவில்லை. இதுவும் பெருமளவு சரியான பதில்தான். அலுவலகத்தில் ஏற்கெனவே தாளாகவோ கணினிக் கோப்பாகவோ இருப்பதைத்தான் கேட்க முடியும். புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை, மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. எங்களைப் போன்ற ஆய்வு அமைப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்று நினைக்கிறேன். நமக்கு வேண்டியது காரணம். சட்டம் தருவதோ தாள். ஆகவே காரணம் எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கும் என்பதை நாமே ஊகித்து, அந்தத் தாளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மனுவை எழுத இரண்டு வாரங்கள் எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவரின் வீட்டுக்குப் போய், அவர் பணியில் இருந்தபோது என்னென்ன பதிவேடுகளை எழுதினார், அவற்றில் எது மேலே போகும், எந்த மாதத்தில் போகும் என்று ஒரு பிற்பகல் முழுவதும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். சட்டப் புத்தகத்தில் கிடைக்காதது அவருடைய திண்ணையில் கிடைத்தது. அதன் பிறகு மனுவில் ‘ஏன்’ என்ற சொல்லே இல்லை. மார்ச் 31 நிலவரப்படி ஒவ்வொரு துணை நிலையத்தின் கீழும் காட்டப்பட்டுள்ள குடியிருப்புகள், மக்கள்தொகை ஆகியவற்றின் பட்டியல், ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களும் நிரப்பப்பட்டவையும் கொண்ட பதிவேட்டின் நகல், பணியிடங்களை மறுவரையறை செய்தது தொடர்பான கோப்பு இருப்பின் அதன் குறிப்புக் கோப்பு (அலுவலர்கள் எழுதிய குறிப்புகள்), நடப்புக் கோப்பு (கடிதங்கள்) இரண்டின் நகல் என்று கேட்டோம். செவிலியர்களின் பெயரைக் கேட்கவில்லை. அது எங்களுக்குத் தேவையுமில்லை; தனிநபர் தகவல் என்று மறுக்க வழி தருவதாகவும் ஆகிவிடும்.

ஆகஸ்ட் இறுதியில், ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில் அனுப்பினேன். நடுவட்டம் வழியாக ஊட்டி செல்லும் சாலையில் அந்த வாரம் மண் சரிந்திருந்தது. ஒப்புகை அட்டை திரும்பி வரவேயில்லை. பதில் தருவதற்கான முப்பது நாள் கெடு, மனு அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. ஆகவே அஞ்சல் துறையின் இணையதளத்தில் பட்டுவாடா விவரத்தைப் பார்த்து அச்செடுத்து வைத்தேன். பின்னால் அந்த ஒற்றைத் தாள்தான் கைகொடுத்தது.

ஏனென்றால் பதில் வந்தது முப்பத்தெட்டாம் நாள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கட்டணம் செலுத்தினால் நகல்கள் தரப்படும் என்று அதில் இருந்தது. கெடு தவறினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 7(6) சொல்கிறது. தொகை பெரிதில்லை, கட்டிவிட்டுப் போகலாம் என்றார் என் சக ஊழியர். பட்டியலுக்கு மட்டுமே பக்கக் கணக்குக் காட்டப்பட்டு, கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் நான் இசையவில்லை. அக்டோபரில், முப்பது நாளுக்குள், பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

நவம்பரில் விசாரணைக்கு அழைத்தார்கள். மேல்முறையீட்டு அலுவலர் பட்டுவாடா தாளைப் பார்த்தார், நாட்களை எண்ணினார், நகல்களை இலவசமாகத் தரச் சொன்னார். கோப்பைப் பற்றிக் கேட்டபோது, பின்னால் நின்ற எழுத்தர் தயங்கியபடி, “மேடம், நீங்க கேக்குற மாதிரி ஒரே பட்டியலா எங்ககிட்ட இல்லீங்க. வட்டாரத்துக்கு வட்டாரம் வேற வேற மாதிரி இருக்கு. நேர்ல வந்து பாத்தீங்கன்னா உங்களுக்கே புரியும்” என்றார். ஏழு மாதங்களில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான வாக்கியம் அதுதான். பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அதை மனுவிலேயே கேட்டிருந்தால் இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும். அலுவலர் அப்போதே நாள் குறித்தார்.

டிசம்பரில் விடியற்காலைப் பேருந்தில் போய், காலை முழுவதும் அமர்ந்து பார்த்தோம். ஒரு பதிவேட்டில் குடியிருப்புகள் ஒவ்வொன்றாகப் பெயருடன் இருந்தன. இன்னொன்றில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. அதற்குள் எத்தனை லைன் என்பது இல்லை. மக்கள்தொகை என்ற பத்திக்கு எதிரே சிலவற்றில் 2011 கணக்கெடுப்பும், சிலவற்றில் செவிலியர் வீடு வீடாக எடுத்த கணக்கும் இருந்தன. இரண்டையும் கூட்டி எவரும் ஒரு தொகையாக்க முடியாது. கோப்பு கிடைத்தது, ஆனால் குறிப்புக் கோப்பின் பக்கங்களில் நாங்கள் தேடிய காரணம் இல்லை. தோட்டங்களில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி நிர்வாகமே மருத்துவ வசதி செய்திருப்பதாக ஒரு வரி மட்டும் இருந்தது.

அந்த ஒரு வரியைப் படித்தபோது, நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று தெரிந்தது. நாங்கள் போய்ப் பார்த்த தோட்டங்களில் இரண்டில் மருந்தகக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. மூடப்பட்ட மருந்தகத்தின் மக்களை எந்தப் பதிவேடு ஏற்றுக்கொள்கிறது என்பது வேறொரு துறையையும் தொடும் கேள்வி. ஒரு துறைக்கு அனுப்பிய மனுவின் பகுதி மற்றொன்றைச் சார்ந்திருந்தால், ஐந்து நாளுக்குள் அதை மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) கூறுகிறது. ஆனால் மாற்றலை நம்பிக் காத்திருக்க எனக்கு மனமில்லை. இரு துறைகளுக்கும் தனித்தனியே, தாள்களின் பெயரைச் சொல்லி, நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டு, இரண்டு மனுக்களை எழுதி முடித்திருக்கிறோம். இரண்டுக்கும் வில்லை ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை அஞ்சலில் சேர்க்கிறேன்.