மீட்டருக்குள் புகுந்த சிரிப்பு

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் மின்சாரம் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் ரகம். பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டரில் அழுத்தினால்தான் விளக்கு எரியும். யூனிட் தீரப்போகிறது என்றால் மீட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தும். பிறந்த குழந்தை அழுதால்கூட யாராவது எழுந்து பார்ப்பார்கள், அதை மட்டும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு ராத்திரி அது கத்தி ஓய்ந்து வீடே இருட்டாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா, அங்கே சொல்வதுபோல் ‘இபு கோஸ்’, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்தே பணம் கட்டிவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் எண்ணை நான்கு நான்கு இலக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஜாவாவின் சுரபாயா ஊர் அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக அழுத்தினார். அந்த நேரம் பார்த்து, குளியலறையில் தலை நிறைய ஷாம்பூவோடு மாட்டிக்கொண்ட மக்கசார் பையன் பரிதாபமாக ஒரு குரல் பதிவை அனுப்பினான். அதற்கு லாவோஸ் நாட்டு வியந்தியான் தம்பி தன் அறையிலிருந்து பதில் போட்டான்: 5555.

அண்ணன் அதையும் அழுத்தினார். மீட்டர் மறுத்தது. மறுபடி முதலிலிருந்து அழுத்தினார், ரொம்பப் பொறுமையாக, அதே 5555-ஐயும் சேர்த்து. மீட்டரும் அதே பொறுமையோடு மறுத்தது. உள்ளேயிருந்து ஷாம்பூவின் ஓலம்.

விஷயம் இதுதான். லாவோ மொழியில் ஐந்துக்கு ‘ஹா’ என்று பெயர். நான்கு ஐந்தைத் தட்டினால் ஹா ஹா ஹா ஹா. தாய்லாந்திலும் இப்படித்தான் சிரிப்பார்கள். இந்தோனேசியர்கள் வேறு மாதிரி. ‘வக்வக்வக்வக்’ என்று நீளமாகத் தட்டுவார்கள். அண்ணனின் போனில் ஏதோ கோளாறு என்றே தம்பி அதுவரை நினைத்திருந்தானாம். விளக்கு எரிந்தபிறகு இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, யார் மொழி ஒழுங்கான மொழி என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். நடுவர் நான். இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகையில் பாத்திக் துணி ஓவியம் கற்க வந்தவனுக்கு வேறு வேலை என்ன?

அண்ணன் கட்சி: எங்கள் மொழிக்கு ரோமன் எழுத்து, முதல் நாளே பலகையைப் படித்துவிடலாம். ராகம், அதாவது குரல் ஏறி இறங்கினால் பொருள் மாறுகிற தொல்லை, கிடையாது. ஒருமை பன்மைத் தொல்லை இல்லை, வேண்டுமென்றால் சொல்லை இரண்டு தரம் சொன்னால் போதும். ‘ஓராங்’ ஓர் ஆள், ‘ஓராங் ஓராங்’ ஆட்கள்.

தம்பி நிதானமாக எழுந்து நின்றான். ‘மாத்தா’ என்றால் கண். அப்படியானால் ‘மாத்தா மாத்தா’ கண்களா? இல்லை, உளவாளி. ‘ஹாத்தி’ நெஞ்சு, ‘ஹாத்தி ஹாத்தி’ என்றால் ஜாக்கிரதை. ‘லாபா’ என்றால் லாபம், ‘லாபா லாபா’ என்றால் சிலந்தி. இரண்டு மடங்கு லாபம் கேட்டால் எட்டுக் கால் பூச்சி வருகிறதே, இது என்ன கணக்கு?

அண்ணன் தண்ணீர் குடித்தார்.

தம்பியின் நிஜமான வலி அகராதியில் இருந்தது. ‘மெஞாப்பு’ என்ற சொல்லைத் தேடி மகர வரிசையில் அலைந்திருக்கிறான். அது சகரத்தில் ‘சாப்பு’ என்று உட்கார்ந்திருக்கிறது. துடைப்பம். முன்னால் ‘மெ’ ஒட்டியதும் ச கரைந்து ஞ ஆகி, பெருக்குதல் ஆகிவிட்டது. கிரிம், அதாவது அனுப்பு, ‘மெஙிரிம்’ ஆகும்போது க காணாமல் போகிறது. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்காகக் காது திருகப்பட்டவன் என்பதால் எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. லாவோவில் சொல் பிறந்தபடியே சாகும்வரை இருக்கும், எதுவும் முன்னால் ஒட்டாது, பின்னாலும் ஒட்டாது என்று தம்பி பெருமையாகச் சொன்னான்.

அவன் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த மொழியில் ஒட்டாததெல்லாம் தொண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ராகங்கள் ஐந்தோ ஆறோ, எண்ணுகிற ஆளைப் பொறுத்தது. ‘மா’ என்றால் வா. இன்னொரு மா நாய், இன்னுமொன்று குதிரை. அன்போடு கூப்பிட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விட மாட்டார்கள். அண்ணன் அந்த எழுத்தைப் பார்த்து, உயிர்க்குறியை மெய்க்கு முன்னால் எழுதுவதாவது என்று சிரித்தார். கெ, கே, கை எழுதி வளர்ந்தவன் நான், அங்கே மட்டும் தம்பி பக்கம் சாய்ந்துவிட்டேன். லாவோ எழுத்து, கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜாவா எழுத்தும் அதே குடும்பம்தான். மாலியோபோரோ தெருப் பலகையில் ரோமனோடு சேர்த்து அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள், அண்ணன் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்.

தம்பிக்கு ரகரம் வராது. 1975 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அவர்கள் நெடுங்கணக்கிலிருந்தே ‘ர’வை எடுத்துவிட்டார்கள். பிற்பாடு அயல்பெயர்களுக்காகத் திரும்ப வந்தது, நாக்குக்கு வரவில்லை. ரூபியா ‘லூபியா’, ரொட்டி ‘லோட்டி’. அண்ணன் ஒரு வாரம் உட்கார வைத்து ர, ர, ர என்று உருட்டப் பழக்கினார். அதன்பின் தம்பி கண்ணில் பட்ட லகரத்தையெல்லாம் உருட்ட ஆரம்பித்தான். ‘லூசா’ என்றால் நாளை மறுநாள், ‘ரூசா’ என்றால் மான். வாடகை எப்போது என்று கேட்ட இபு கோஸிடம், மிகுந்த பணிவோடு, ‘ரூசா’ என்றான். எந்த மான் கொண்டுவந்து தரும் என்று அந்த அம்மா விசாரித்தார்.

உறவு தேடினால் கிடைக்காமலும் இல்லை. லாவோ தாய்–கடாய் குடும்பம், இந்தோனேசியம் ஆஸ்திரோனேசியக் குடும்பம், பிறப்பில் சம்பந்தமே கிடையாது. ஆனால் சமஸ்கிருதம் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. மொழிக்கு இங்கே ‘பஹாசா’, அங்கே ‘பாசா’. ஆசிரியர் இங்கே ‘குரு’, அங்கே ‘கூ’. தேசமும் நகரமும்தான் பாவம். லாவோவில் ‘பதேட்’ நாடு, ‘நகோன்’ மாநகரம். இந்தோனேசியாவில் ‘தேசா’ கிராமமாக இறங்கிவிட்டது, ‘நெகாரா’ நாடாக ஏறிவிட்டது.

தமிழ் போய்ச் சேர்ந்தது மலாய் வழியாக இந்தோனேசியத்துக்கு. கப்பல் ‘கபால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, தொழிலில் போடும் முதல் ‘மோடால்’. இதை நான் ஆசையாகச் சொல்லப்போக, நடுவர் விலைபோய்விட்டார் என்று தம்பி கோபித்துக்கொண்டான்.

விலைபோகவில்லை. இந்தோனேசியத்தின் இன்னொரு முகம் தெரியும் எனக்கு. 1928 அக்டோபர் 28-இல் இளைஞர்கள் கூடி ஒற்றுமைக்கான மொழி என்று உறுதி எடுத்துக்கொண்டது அது. ஜாவா மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே அதிகம், ஆனாலும் மலாய்தான் பொதுமொழியாயிற்று. வீட்டுமொழி மட்டும் மாறவில்லை. அதனால், இவ்வளவு நேரம் எளிமை எளிமை என்று வாதாடிய அண்ணன், இபு கோஸைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, முழுக்க மரியாதை ஜாவா மொழிக்கு மாறிவிடுவார். எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத மொழி அது. புத்தகத்தில் ‘தீடாக்’ என்று படித்த ‘இல்லை’கூட, தெருவில் ‘ங்கா’ என்றுதான் காதில் விழுகிறது.

என் வீட்டிலும் இந்தோனேசியம் புகுந்தது. அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது இபு கோஸ் எட்டிப் பார்த்து, பையனுக்கு ‘இஸ்திரி’ உண்டா என்று கேட்டார். அங்கே இஸ்திரி என்றால் மனைவி. அம்மாவுக்குக் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். “எங்கே இஸ்திரி போடுறான், சட்டையைச் சுருட்டித்தான் மாட்டிக்குவான்” என்று தலையை இடவலமாக ஆட்டினார். இல்லை என்று இபு கோஸ் சரியாகவே புரிந்துகொண்டார்.

போன விடுமுறைக்கு அண்ணன் வியந்தியான் போனார். தம்பி சொல்லிக்கொடுத்த லாவோவை வைத்துச் சமாளிப்பதாகச் சபதம். 2021-இல் திறந்த ரயில் பாதையின் நிலையத்துக்கு, நகரத்திலிருந்து போக வேண்டும். வழியில் ஒரு பெரியவரிடம், ரயில் நிலையம் பக்கமா என்று கேட்டிருக்கிறார். பெரியவர் சிரித்துக்கொண்டே ‘கை’ என்றார். லாவோவில் கை என்றால் பக்கம். ராகத்தை மாற்றினால் கை என்றால் தூரம். அண்ணன் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஊரைத் தாண்டி வெயிலில் வெகுதூரம் போனபிறகு, இன்னொரு கடைக்காரரிடம் கேட்டால் அவரும் ‘கை’. கடைசியில் ஒரு துக்துக் ஆட்டோக்காரர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டார்.

ரயிலில் உட்கார்ந்தபடி அண்ணன் குழுவில் பொரிந்து தள்ளினார். பக்கத்துக்கும் தூரத்துக்கும் ஒரே சொல் வைத்திருப்பவர்கள் ரயில் விடலாமா? தம்பியும் விடவில்லை. உங்கள் மொழியில் ‘பீசா’ என்றால் முடியும், அதே பீசாதான் பாம்பின் விஷமும், முடியுமா முடியுமா என்று நாள் முழுக்கக் கேட்கிறீர்களே, நாங்கள் ஆஸ்பத்திரிக்கா ஓடினோம்?

இதற்கு நடுவில் இபு கோஸ் ஒன்றே ஒன்று கேட்டார்: சாப்பிட்டாச்சா, என்ன சாப்பிட்டாய்?

அண்ணன் சுட்ட கோழி சாப்பிட்டிருந்தார். லாவோவில் கோழிக்கும் ‘கை’தான். ஒரு கணம் யோசித்திருப்பார் போலிருக்கிறது, வார்த்தை எதுவும் எழுதாமல் எலும்பைப் படமெடுத்து அனுப்பினார்.