லாஸ்ட்+ஃபவுண்டில் கிடந்த நாதஸ்வரம்

மாமாவின் நாதஸ்வரக் கேசட்டுகளிலிருந்து ஏற்றி வைத்த பதிவுகள் இருந்த 4 டிபி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பகுதி) மறுபடி மவுண்ட் ஆகிவிட்டது, அதாவது திறந்து படிக்க முடிகிறது. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷனை எழுப்பியது பெரிய வேலை இல்லை. பெயர் தொலைத்த கோப்புகளுக்குப் பெயர் கண்டுபிடித்ததுதான் வேலை.

பெங்களூர் அல்சூரில் மழை என்றால் கரண்ட் போகும், யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரும்பப் பூட் ஆனதும் ‘பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர் பிளாக்’ என்று வந்து நின்றது, அதாவது பார்ட்டிஷனின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர் பிளாக்கைப் படிக்க முடியவில்லை. பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகேயை ஓட்டக் கை பரபரத்தாலும், முதலில் டிஸ்க் தன் உடல்நிலையை எழுதி வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பார்த்தேன். டிஸ்க்கில் கெட்ட இடங்களைச் சொல்லும் 5, 197 வரிகள் இரண்டும் பூஜ்யம். தகவல் போகும் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் எகிறியிருந்தது. அப்படியென்றால் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறில்லை, கேபிளில்தான். பழுதுபார்க்கும்போது பாதியில் இணைப்பு அறுந்தால் அதுவே புதுப் பழுது.

கேபிளுக்கு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் கிளிப் இல்லாத சிவப்பு ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். “கிளிப் வச்சது குடுங்கண்ணா” என்றால், “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்கிறார் கடைக்காரர். எப்படி ஒன்றாகும்? கேபினெட் ஃபேன் அதிர்விலேயே கிளிப் இல்லாதது மெல்ல நழுவும். அதே கடையில் ‘புதுசு மாதிரி’ ஒரு 8 டிபி டிஸ்க்கும் எடுத்துக் காட்டினார். ஸ்மார்ட்டில் 9-ஆவது வரியை, அதாவது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை, காட்டச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டில் இருந்த பெரிய டிஸ்க்குக்கு டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் கருவியில் நகல் எடுத்தேன், ராத்திரி முழுக்க ஓடியது. இனி எல்லாம் நகல்மேல்தான். சூப்பர் பிளாக்குக்கு வேறு இடங்களில் பிரதிகள் இருக்கும்; அந்த மாற்று சூப்பர் பிளாக் எங்கே என்று எம்கேஇ2எஃப்எஸ் மைனஸ் என் போட்டால் சொல்லும். அந்த மைனஸ் என் விடுபட்டால் இடத்தைச் சொல்லாது, ஃபார்மட்டே போட்டுவிடும். 4096 பைட் பிளாக்குக்கு வழக்கம்போல 32768, 98304, 163840 என்று காட்டியது. 32768-ஐக் கொடுத்ததும் இ2எஃப்எஸ்சிகே ஐந்து கட்டமும் ஓடி முடித்தது. பாதிப் பதிவுகள், இடம் தொலைத்த கோப்புகள் போய்ச் சேரும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் விழுந்தன.

அங்கே எல்லாவற்றுக்கும் ஐநோடு (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) எண்தான் பெயர், முன்னால் ஒரு ஹேஷ் குறி. டெர்மினலில் ஃபோல்டருக்குள் போகச் சொல்லும் சிடி என்று அடித்து அந்தப் பெயரை அப்படியே கொடுத்துப் பாருங்கள்: ஹேஷுக்குப் பின்னால் வருவதையெல்லாம் ஷெல் குறிப்பு என்று தள்ளிவிட்டு உங்களை ஹோம் டைரக்டரியில் கொண்டுபோய் விடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டால் ஒழுங்காகப் போகும்.

ஃபோல்டராக வந்து விழுந்தவற்றில் தலைவலி இல்லை. ஃபோல்டரின் பெயர்தான் போயிருக்கும், உள்ளே எல்லாம் பெயரோடு பத்திரமாக இருக்கும். ஃபோல்டரின் பட்டியலே அழிந்துபோய்த் தனித்தனியாக வந்த ஃபிளாக் ஒலிக் கோப்புகள்தான் படுத்தின. ஐநோடில் அளவு இருக்கும், தேதி இருக்கும், பெயர் இருக்காது. அது ஃபோல்டரோடு போய்விட்டது. கேசட்டிலிருந்து எடுத்ததால் கோப்புக்குள் பாட்டின் பெயர் சொல்லும் டேக்கும் கிடையாது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தேருக்கு வாசித்தது எது, மாமா மகள் கல்யாணத்தில் வாசித்தது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிக்க எனக்குக் காது போதாது.

அப்போதுதான் வீட்டில் பாட்டுக் கேட்க வைத்திருக்கும் நேவிட்ரோம் சர்வர் ஞாபகம் வந்தது. அதன் டேட்டாபேஸ் தனியாக எஸ்எஸ்டியில் இருக்கிறது, ஒவ்வொரு பாட்டுக்கும் பாதையையும் பைட் அளவையும் எழுதி வைத்திருக்கிறது. கேசட் பதிவில் இரண்டு ஃபிளாக் கோப்புகள் ஒரு பைட் பிசகாமல் ஒரே அளவில் அமைவது அபூர்வம். பைத்தானில் குட்டியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அளவை அளவோடு பொருத்தினேன். பெயர், ஃபோல்டர், பழைய வரிசை எல்லாம் வந்து உட்கார்ந்தன! ஸ்கிரிப்ட் முதலில் பட்டியல் மட்டும் போடும், நான் சரி சொன்ன பிறகுதான் நகர்த்தும். குடும்பப் படங்களுக்கு, படத்துக்குள் பதிந்திருக்கும் விவரத்தைப் படிக்கும் எக்சிஃப்டூல் போதுமானதாக இருந்தது, எடுத்த தேதியே பெயராகிவிட்டது.

இனி இ2இமேஜ் என்ற கருவியை வைத்து வாரத்துக்கு ஒருமுறை மெட்டாடேட்டாவை (கோப்புகளின் பெயர், இடம் போன்ற விவரங்களை) மட்டும் எஸ்எஸ்டியில் சேமிக்கப் போகிறேன். அதன் கையேடே இதைத்தான் சொல்கிறது, யாரும் செய்வதில்லை. பாட்டுகளை, இரண்டு டிஸ்க்கில் ஒரே பிரதியை வைக்கும் இசட்எஃப்எஸ் மிரருக்கு மாற்றும் யோசனையும் ஓடுகிறது. இப்போது இருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் மெட்டாடேட்டாவுக்குத்தான் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைக்கும், பாட்டுக்குள் ஒரு பிட் புரண்டாலும் அதற்குத் தெரியாது. மிரருக்கு இரண்டு டிஸ்க் வேண்டும், எஸ்.பி. ரோட்டு விலைக்கு இந்த மாதம் கட்டாது. யூபிஎஸ் பேட்டரிதான் முதலில்.

பாட்டுப் பாட்டாக வெட்டாத வேவ் ஒலிக் கோப்புகள் இன்னும் லாஸ்ட்+ஃபவுண்டிலேயே கிடக்கின்றன. அவற்றை நேவிட்ரோமில் சேர்த்ததே இல்லை, பொருத்திப் பார்க்க அளவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாமாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும்.