ஒரு இடைவேளைக்கு ஏழு வாரம்

“கடிதம் ஆறு மாசத்துக்கு மேல ஆச்சும்மா, புதுசா வாங்கிட்டு வாங்க.” அலுவலக ஊழியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அரை நாள் விடுப்பு, இரண்டு ரயில், சக்கர நாற்காலிக்கு மேல் மழை, எல்லாம் வீண்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம், பேச்சு இல்லை. சிறப்புப் பள்ளியில் சேர்த்ததில் பெரிய சிக்கல் இல்லை. 2019 முதல் சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டத்தில் இவனைப் போன்ற பிள்ளைகளும் அடக்கம். வாரம் ஒருநாள் பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து இடைவேளை என்றார்கள். அதற்குத்தான் இந்த அலைச்சல். இவனுக்குப் புரையேறாமல் இருக்கத் தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கித் தர வேண்டும் என்று பேச்சு சிகிச்சையாளர் எழுதித் தரும் கடிதம் அது. மறு சந்திப்புக்கு ஐந்து வாரம். இதில் இறங்கும் பெற்றோர் அடுத்த முறை போகும்போதே தேதியோடு இரண்டு பிரதி கேட்டு வாங்கி வையுங்கள்.

முதல் நாள் கேன்டீனில் எட்டிப் பார்த்தேன். மேசையும் பெஞ்சும் தரையோடு பிணைத்தவை. சக்கர நாற்காலி ஓரத்தில்தான் நிற்கும், அருகில் ஒரே ஒரு இடம். அதில் உதவியாளர் உட்கார்ந்திருந்தார்! நல்ல பெண்தான். ஆனால் பிள்ளைகள் “அவனுக்கு என்ன பிடிக்கும்?” என்று அவரிடம்தான் கேட்டார்கள், அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரமும் இதே கதை.

ஆசிரியரிடம் இரண்டே விஷயம் கேட்டேன். உதவியாளர் ஒரு எட்டுப் பின்னால் நிற்கட்டும். பேச்சுக்குப் பதிலாக அவன் தொட்டுக் காட்டும் படப் பலகையில் கை போய்ச் சேரப் பத்து நொடியாவது ஆகும், அதுவரை காத்திருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியர் தயங்கினார், சாப்பாடு விஷயம் ஆயிற்றே. சரி, சாப்பாடு முடிந்த பிறகு என்று ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் ஒரு பையன் அந்த இடத்தில் உட்கார்ந்து, நாற்காலித் தட்டில் பந்தை உருட்டினான். இவன் தட்டிவிட்டான், பந்து கீழே போனது. பையன் எடுத்து வந்து, “மறுபடியுமா?” என்று கேட்டு, உதடு அசையாமல் எண்ண ஆரம்பித்தான். இவன் கை நடுங்கி நடுங்கி ‘மறுபடியும்’ படத்தில் விழுந்தது. ஆறு தடவை! எங்களிடம் ஒரு மாதமாகத் தொடாத படம் அது.

இப்போது அந்தப் பையனின் படத்தையும் பலகையில் ஒட்டலாம் என்கிறார் சிகிச்சையாளர். அதற்கு அவன் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமாம். படிவம் போயிருக்கிறது.