நடுங்குவது கை, காரணம் மூளை

நரம்பியல் பிரிவில் இஇஜி, அதாவது மூளையின் மின்அலைப் பதிவு, எடுப்பது என் வேலை. பதிவு செய்துகொடுப்பது நான், படித்துச் சொல்வது மருத்துவர். தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களில் ஒரு வகைக் குடும்பத்தின் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. அப்பாவுக்குக் கை நடுங்கும், அத்தைக்கும் நடுங்கும், இப்போது மகனுக்கும் ஆரம்பித்திருக்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார்கள். "எங்க வம்சத்துலயே இப்படித்தான் சார், நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். என்றோ ஒருமுறை வந்த ஃபிட்ஸைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். நடுக்கத்துக்கும் ஃபிட்ஸுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொல்லியிருப்பதில்லை.

ஃபேம் (FAME) எனப்படும் பரம்பரை மயோக்ளோனிக் வலிப்பு இப்படித்தான் தெரியும். மயோக்ளோனஸ் என்றால் தசை சட்டென்று துள்ளித் துடிப்பது. பெரும்பாலும் வளர்ந்த பிறகே தொடங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: எஸ்ஏஎம்டி12 என்ற மரபணுவுக்குள் ஒரு சிறு எழுத்துத்தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. இந்திய, இலங்கைக் குடும்பங்களிலும் அதே மாற்றம் இருப்பதாகவும், அது தோன்றி சுமார் 17,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றும் 2020இல் ஒரு கட்டுரை வந்தது. வம்சம் என்று அவர்கள் சொல்வது சரிதான். அது எவ்வளவு பழைய வம்சம் என்று நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

பார்வைக்கு இது சாதாரணக் கை நடுக்கம்தான். அதனால் தலையில் ஒட்டுவதோடு முன்கைத் தசையிலும் இஎம்ஜி எலக்ட்ரோட் (தசையின் மின்துடிப்பைப் பதிவது) ஒட்டி, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்வோம். தசையில் குட்டிக் குட்டித் துடிப்புகள் விழும், ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதே நேரத்து இஇஜியில் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகலாம். அப்புறம்தான் முக்கியமான வேலை. ஒவ்வொரு துடிப்பும் தொடங்கும் இடத்தைக் குறித்து, அதற்குச் சற்று முந்தைய இஇஜித் துண்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்போம். ஜப்பானிய ஆய்வாளர்கள் சிபாசாகியும் குரோய்வாவும் 1975இல் தந்த வழி இது. திருவிழாக் கூச்சலில் ஒரே குரல் மட்டும் மெல்லத் தனித்துக் கேட்பது போல, சராசரி கூடக் கூட ஒரு கூரிய அலை எழும்பி வரும். எதிர்ப்பக்கத்து இயக்கப் புறணியில் (தசைகளை அசைக்கும் மூளையின் மேற்பரப்புப் பகுதி), தசை துடிப்பதற்கு ஏறத்தாழ 20 மில்லிசெகண்ட் முன்னால். மூளையிலிருந்து கை வரை செய்தி போகப் பிடிக்கும் நேரம் அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த அலை எழும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மணிக்கட்டு நரம்பில் சின்ன மின்தூண்டல் கொடுத்தாலும் இதே கதைதான். தொடுவுணர்வை வாங்கும் உணர்வுப் புறணியின் பதில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வரும். சும்மா கிடக்கும் கைத்தசையிலும் 45 மில்லிசெகண்ட் வாக்கில் ஒரு துள்ளல் விழும். உள்ளே வரும் உணர்வு அடங்காமல் இயக்கப் பகுதிக்கு வழிந்து போகிறது.

தசையை அசைப்பது மட்டுமல்ல, அசையாமல் வைத்திருப்பதும் மூளையின் வேலை என்பதை நான் இந்த நோயாளிகளிடம்தான் கற்றேன். நமக்கு ஒரு தொடுகைக்குப் பிறகு இயக்கப் புறணியின் 20 ஹெர்ட்ஸ் தாளம் முதலில் தணிந்து, பிறகு முன்னைவிட ஓங்கி எழும். புறணி தன்னை அடக்கிக்கொள்வதன் அடையாளம் அது. பின்லாந்தில் அதிகம் காணப்படும் உன்வெரிக்ட்-லுண்ட்போர்க் என்ற இன்னொரு பரம்பரை மயோக்ளோனிக் வலிப்பில் அந்த எழுச்சி மங்கிவிடுவதை, மூளையின் காந்தப்புலத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கு மட்டும் உதவுகிற விஷயம் இல்லை. சாதாரண நடுக்கம் என்று ப்ரொப்ரனலால் கொடுத்தால் இவர்களுக்குப் பெரிதாகப் பலன் இருக்காது. வலிப்புக்கென்று கொடுக்கும் கார்பமசெபைன் போன்ற சில மருந்துகள் மயோக்ளோனஸைக் கூட்டவும் கூடும். வால்ப்ரோயேட், க்ளோனசெபாம் போன்றவை பலருக்குக் கைகொடுக்கின்றன. இதை விட எனக்குப் பெரிதாகப் படுவது, குடிப்பழக்கம், பயந்த சுபாவம் என்று ஊர் கட்டிவிட்ட பெயர் இவர்களை விட்டு விலகுவது.

எங்களிடம் அனுப்பும் மருத்துவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். நடுக்கமும் ஃபிட்ஸும் சேர்ந்து இருந்தால் இஇஜிப் படிவத்தில் 'கை இஎம்ஜியுடன்' என்று எழுதுங்கள். வீட்டில் வேறு யாருக்குக் கை நடுங்குகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எலக்ட்ரோட் ஒட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.